கடனா, குழுவா, சங்கமா, பயிற்சியா: வட சென்னையில் தொழில் நடத்தும் பெண்கள் எதை முதலில் பிடிப்பது?

திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கிருந்து வாசகிகள் கேட்டாலும் கேள்வி சுற்றிச் சுற்றி ஒன்றுதான். "வீட்டிலேயே தைக்கிறேன், அக்கம்பக்கத்தில் நல்ல பேர் இருக்கிறது. கொஞ்சம் பெரிதாகச் செய்யலாம் என்று ஆசை. மானியக் கடனுக்கு எழுதிப் போடட்டுமா, பயிற்சிக்குப் போகட்டுமா, இல்லை ஏதாவது சங்கத்தில் சேரட்டுமா?" தையலுக்குப் பதிலாக மசாலா, கருவாடு, டிபன் கடை, பார்லர், ஆரி வேலை என்று தொழில் மாறும். கேள்வி மாறுவதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யலாமே என்று சொல்வது சுலபம். காலை நாலரைக்கு எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பதினோரு மணிக்கு மெஷினில் உட்காருகிறவருக்கு அது ஆகாத காரியம். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றைத் தள்ளித்தான் வைக்க வேண்டும். அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் கடனில் தொடங்கப் பார்க்கிறார்கள். ஏற்கெனவே சின்னதாகத் தொழில் நடத்துகிறவருக்குக் கடன் கடைசியில் வர வேண்டியது. முதலில் வாங்குபவர் வேண்டும், அடுத்து கணக்கு, அப்புறம்தான் கடன். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் கீழே சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

வட்டி எவ்வளவு, மானியம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். நான் பார்ப்பது ஐந்து விஷயம்.

கையிலிருந்து போகும் பணம் முதலாவது. கட்டணம், முன்பணம், ஆவணச் செலவு எல்லாம் இதில் சேரும்.

இரண்டாவது நேரம். கடை மூடிய நாளுக்கு வருமானம் இல்லை. தினம் 600 ரூபாய் மிஞ்சுகிற டிபன் கடையை 15 நாள் மூடினால் 9,000 ரூபாய் போயிற்று. "இலவசப் பயிற்சி"யின் விலை அது.

மூன்றாவது, பலன் கைக்கு வர எவ்வளவு காலம் ஆகும் என்பது. நான்காவது, தொழில் படுத்துவிட்டால் எதை இழப்போம், நம்மோடு சேர்ந்து வேறு யார் இழப்பார்கள் என்பது.

ஐந்தாவதுதான் நான் அதிகம் வற்புறுத்துவது: தொழில் யார் பெயரில் இருக்கிறது? மெஷின் வாங்கிய பில், வங்கிக் கணக்கு, கியூஆர் கோடு, உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எல்லாம் கணவர் அல்லது மகன் பெயரில் இருந்தால், பெண்களுக்கென்று அரசு வைத்திருக்கும் சலுகை ஒன்றுகூட உங்களுக்கு வராது. தனி உரிமையாளர் என்றால் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். பங்குதாரர் நிறுவனம் என்றால் குறைந்தது 51 சதவீதம் பெண்களிடம் இருக்க வேண்டும். உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் இணையத்தில் நடக்கிறது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. அதற்குக் காசு கேட்கிற இணையதளம் அரசுடையது இல்லை. கீழே உள்ள எந்த வழியில் போனாலும் இதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

## எதையும் எடுக்காவிட்டால்: தண்டல்

ஒப்பிடுவதற்கு ஒரு தரை வேண்டும். வட சென்னையில் அந்தத் தரை தண்டல்தான். பத்தாயிரம் கடன் என்பார்கள், 8,500 கையில் தருவார்கள், தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். 1,500 தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், நம் கையில் சராசரியாக இருப்பது அதில் பாதித் தொகைதான். ஆண்டுக் கணக்கில் வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒன்று முடிந்ததும் அடுத்ததை எடுத்துச் சுழற்றினால் வருடத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போய்விடும்.

வங்கியில் 50,000 ரூபாயை 12 சதவீதத்துக்கு வாங்கி, ஒரு வருடத்தில் மாதத் தவணையாக அடைத்தால் மொத்த வட்டி சுமார் 3,300. ஆறு மடங்கு பணத்துக்குக் குறைந்த வட்டி.

அப்படியும் தண்டல் ஏன் ஓடுகிறது? வாசலுக்கு வந்து தருகிறார்கள், காகிதம் கேட்பதில்லை, அன்றைக்கே பணம் கிடைக்கிறது. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்கப் போகும் அம்மாவுக்கு மூன்று மாதம் கழித்து வரும் கடனால் என்ன பயன்? அதைப் புரிந்துகொள்ளாமல் தண்டல் வாங்குகிறவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு மாற்றாக எந்த வழி வந்தாலும் தண்டலின் இந்த வேகத்தோடுதான் அது போட்டி போட வேண்டியிருக்கிறது.

## வங்கிக் கடனும் மானியமும்

இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

சிறு தொழில்களுக்கு வங்கி வழியாகத் தரும் மத்திய அரசுத் திட்டக் கடனான முத்ரா 2015 ஏப்ரலில் வந்தது. 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 2024 முதல் 20 லட்சம் வரை உண்டு. அடமானம் வேண்டாம். ஆனால் இதில் மானியமும் இல்லை. "முத்ராவில் பாதி தள்ளுபடி" என்று யாராவது சொன்னால் அவர் தரகர். இதன் பெரிய வசதி, ஓடிக்கொண்டிருக்கும் தொழிலுக்கும் கிடைக்கும் என்பது.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் மானியம் உள்ளது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு காட்டலாம். நகரத்தில் பெண்களுக்கு 25 சதவீத மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம் மட்டும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தண்டையார்பேட்டையில் 4 லட்சத்துக்கு ஒரு தையல் யூனிட் என்றால் நீங்கள் போடுவது 20,000, வங்கி தருவது 3,80,000, மானியம் 1 லட்சம். அந்த ஒரு லட்சம் உங்கள் கைக்கு வருவதில்லை. உங்கள் பெயரில் வங்கியில் மூன்று வருடம் வைப்பாக இருக்கும்; அந்தத் தொகைக்கு வங்கி வட்டி தராது, அதே அளவு கடனுக்கு வட்டி வாங்கவும் செய்யாது. மூன்று வருடம் கழித்து யூனிட் ஓடுகிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். நடுவில் மூடிவிட்டால் மானியம் திரும்பிப் போகும், கடன் மட்டும் உங்களிடம் நிற்கும்.

இன்னும் இரண்டு நிபந்தனைகள் பலரை வெளியே தள்ளுகின்றன. புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான் இது. ஐந்து வருடமாக ஓடும் கடைக்குக் கிடைக்காது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான், கணவர் வாங்கியிருந்தால் உங்களுக்கு இல்லை. விண்ணப்பிக்கும் முன் அந்த நிதியாண்டில் திட்டம் திறந்திருக்கிறதா என்றும் கிண்டியில் உள்ள தொழில் வணிகத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாநில அரசின் பக்கம், 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு, புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டம் இருக்கிறது: 25 சதவீத மானியம், 3 சதவீத வட்டிச் சலுகை. பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவர்களுக்கு 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஏற்கெனவே நடக்கும் தொழிலை விரிவாக்கவும் அது தருகிறது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் இதற்குத் தகுதியுள்ளவர்கள் பலர் வேறு திட்டத்தின் வரிசையில் நின்றுகொண்டிருப்பதைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில், பெண்களுக்கென்றே 10 லட்சம் வரையிலான கடனுக்கு 20 சதவீத மானியமும் அறிவித்தார்கள்.

தள்ளுவண்டி, நடைபாதைக் கடை, கூடை வியாபாரம் என்றால் இவை எதுவும் வேண்டாம், சாலையோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதி கடன் போதும். முதலில் 15,000, அடைத்தால் 25,000, பிறகு 50,000. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உண்டு. மாநகராட்சி தரும் சாலையோர வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ அதற்கு வேண்டும். 2014-ஆம் வருடச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் இடங்களில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். எந்தத் தெருவில் கடை போடலாம் என்ற பேச்சில் நம் குரலும் இருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு வட்டியில் இல்லை, வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. வங்கி உங்கள் பெயரில் ஒப்பந்தம் கேட்கும். ராயபுரத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிறவருக்கு வீட்டுக்காரர் அதில் கையெழுத்துப் போடத் தயங்குவார், கரண்ட் வணிகக் கட்டணத்துக்கு மாறிவிடும், சொத்து வரி ஏறும் என்ற பயம். அப்போது தனியாக ஒரு கடை பிடிக்க வேண்டியதாகிறது, அட்வான்ஸ் கொடுக்க வேண்டியதாகிறது. திட்ட அறிக்கைக்கு ஆடிட்டர் கட்டணம், மெஷினுக்கு ஜிஎஸ்டி போட்ட கொட்டேஷன், வங்கிக்கு நடக்கும் நடை எல்லாம் சேரும். கடன் வருவதற்குள் கையிலிருந்த சேமிப்பு கரைந்துவிடும்.

எப்போது இதுவே சரி: வருகிற ஆர்டரை மெஷின் இல்லாததால் திருப்பி அனுப்புகிறீர்கள் என்றால் தாமதிக்க வேண்டாம். ஆர்டரே வராதபோது மெஷின் வாங்குவதுதான் ஆபத்து.

## சுய உதவிக் குழு

தமிழ்நாட்டில் இது 1989-இல் தர்மபுரியில் தொடங்கியது. பத்து முதல் இருபது பெண்கள், வாராவாரமோ மாதாமாதமோ சேமிப்பு, உள்ளுக்குள் கடன், நோட்டில் கணக்கு. ஆறு மாதம் ஒழுங்காக நடத்தினால், குழுவின் சேமிப்பைப் போல் சில மடங்கு கடனை வங்கி தரும். வீட்டுப் பத்திரம் வேண்டாம், கணவர் கையெழுத்து வேண்டாம். சொந்தமாக வங்கிக் கணக்கே இல்லாமல் இருந்த எத்தனையோ பெண்கள் மேலாளர் முன்னால் உட்கார்ந்து பேசக் கற்றது இதனால்தான். அந்தத் துணிவுக்கு விலை போட முடியாது.

ஆனால் தொழிலை வளர்க்கும் வழியாகப் பார்த்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. குழுவுக்கு 5 லட்சம் கிடைத்தால் பன்னிரண்டு பேரும் சமமாகப் பிரித்துக்கொள்வதுதான் வழக்கம். ஆளுக்கு 42,000 கூட வராது. அதில் ஒருவருக்கு உண்மையிலேயே மாவு அரைக்கும் மெஷினுக்கு ஒரு லட்சம் வேண்டும்; இன்னொருவருக்கு ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம். ஒருவருக்குப் பற்றாது, மற்றவருக்கு அது தொழிலுக்கே போகாது. ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் தோளில் விழும். பக்கத்து வீட்டுப் பேச்சு அறுந்துபோகும் அளவுக்குப் போனதும் உண்டு. குழுவில் முன்கூட்டியே "தேவைக்கேற்பப் பிரிப்போம், யார் தொழிலுக்கு வாங்குகிறாரோ அவர் பில் காட்ட வேண்டும்" என்று தீர்மானம் எழுதினால் இதில் பாதி தீரும்.

நுண்நிதி நிறுவனங்கள் பெண்களைச் சேர்த்து உட்காரவைத்துத் தரும் கடன் வேறு. அதில் சேமிப்பு இல்லை, கணக்கு நோட்டு உங்களிடம் இல்லை, வட்டியும் கூடுதல். 2022-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மூன்று நான்கு இடத்தில் வாங்கியிருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

எப்போது இதுவே சரி: தண்டலிலிருந்து வெளியே வர வேண்டும், தேவை அரை லட்சத்துக்குள், நம்பக்கூடிய பத்துப் பேர் தெருவிலேயே இருக்கிறார்கள் என்றால் இதைவிட நல்லது இல்லை. நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் குழுக்களின் பொருள்களுக்கு நடக்கும் கண்காட்சிகளில் இடம் கேட்கவும் குழு உறுப்பினராக இருப்பது உதவும்.

## சங்கமும் தொடர்பு வட்டமும்

பெண்கள் ஒன்றுசேர்ந்து தொழிலுக்கு வழி தேடியது இந்த ஊருக்குப் புதிது இல்லை. 1978-இல் ஜெயா அருணாச்சலம் இங்கேதான் உழைக்கும் மகளிர் மன்றத்தைத் தொடங்கினார். மீன், காய்கறி, பூ விற்ற பெண்கள் அதில் சேர்ந்தார்கள். சில வருடங்களில் அவர்களுக்கென்றே ஒரு கூட்டுறவுக் கடன் அமைப்பும் உருவானது. ஒருவராகப் போனால் வங்கி வாசலில் நிற்க வேண்டியிருந்தவர்கள் நூறு பேராகப் போனதும் உள்ளே அழைக்கப்பட்டார்கள்.

இன்றைக்கு இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, உறுப்பினர் கட்டணம் வாங்கி ஹோட்டலில் கூட்டம் நடத்தும் தொழில்முனைவோர் சங்கங்களும், ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அனுப்பிவைக்கும் பரிந்துரை வட்டங்களும். வருடச் சந்தா, கூட்டத்துக்குக் கூட்டம் சாப்பாட்டுச் செலவு, போய்வரும் செலவு என்று சிறுதொழில் செய்கிறவருக்குக் கனமான தொகை. பெரும்பாலும் கூட்டங்கள் தி. நகர், நுங்கம்பாக்கம், கிண்டி பக்கம். காலை ஏழு மணிக்குக் கூடும் வட்டத்துக்கு எண்ணூரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது? டிபன் கடை வைத்திருப்பவருக்கு வியாபாரமே அந்த நேரத்தில்தான்.

மொத்தமாக வாங்கும் ஆள்கள் தேவைப்படும் தொழிலுக்கு இது பலன் தரும்: கேட்டரிங், கார்ப்பரேட் பரிசுப் பொருள், சீருடை, கணக்கு எழுதித் தரும் சேவை. சேருவதற்கு முன் விருந்தினராக இரண்டு கூட்டத்துக்குப் போய், அங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் உங்கள் பொருளை வாங்கக்கூடியவர்கள் என்று பாருங்கள். எல்லாரும் விற்க வந்தவர்களாகவே இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

இரண்டாவது விதத்தைத்தான் நான் மனதார விரும்புகிறேன்: ஒரே தொழில் செய்யும் ஆறேழு பேர் தாங்களாகவே சேர்வது. பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோடு கடைகளுக்கு பீஸ் ரேட்டில் நைட்டி தைக்கும் பெண்கள் ஆளாளுக்குத் தனியாக ரேட் பேசுகிறார்கள். ஒருவர் குறைத்தால் எல்லாருக்கும் குறையும். சேர்ந்து நின்றால் கோடவுன் தெருவில் துணியை மொத்த விலைக்கு எடுக்கலாம், நூல் பெட்டியாக வாங்கலாம், ஒரு ஓவர்லாக் மெஷினை முறை வைத்துப் பயன்படுத்தலாம், தீபாவளிக்கு 500 பீஸ் ஆர்டர் வந்தால் பங்கிட்டுத் தைக்கலாம். கட்டணம் இல்லை. தடையாக இருப்பது பயம் ஒன்றுதான்: "என் கஸ்டமரை அவள் இழுத்துக்கொண்டால்?" அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் வாங்குவதில் கூட்டு, விற்பதில் அவரவர் பாடு என்று முதல் ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம்.

எப்போது இதுவே சரி: பொருள் நன்றாக இருக்கிறது, ஆள்தான் தெரியவில்லை என்ற நிலை.

## பயிற்சி

நடக்கும் பயிற்சிகளில் பெரும்பாலானவை எப்படிச் செய்வது என்று சொல்லித் தருகின்றன: தையல், ஆரி, பேக்கரி, அழகுக்கலை. கை வேலை தெரியாதவருக்கு அது தேவை. ஆனால் எனக்குக் கேள்வி அனுப்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேலை நன்றாகத் தெரியும். தெரியாதது கணக்கு.

மீன் ஊறுகாய் போடும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பாட்டில் 150 ரூபாய்க்கு விற்கிறார். மீன், எண்ணெய், மசாலா 85, பாட்டிலும் லேபிளும் 20, கேஸ் 6, ஆட்டோ 9. ஆக 120. பாட்டிலுக்கு 30 லாபம் என்று சந்தோஷப்படுகிறார். ஒரு நாளைக்கு அவரும் மகளும் சேர்ந்து 40 பாட்டில் போட்டால் 1,200, ஆளுக்கு 600. அது லாபம் இல்லை, கூலி. இப்போது பெரம்பூரில் ஒரு சூப்பர் மார்க்கெட் 20 சதவீத கமிஷன் கேட்கிறது. 150-இல் 20 சதவீதம் 30. மிச்சம் எதுவும் இல்லை. கடையில் வைத்தால் வியாபாரம் பெருகும், வருமானம் பூஜ்யம். இந்த நிலையில் கடன் வாங்கி 400 பாட்டில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கணக்கைச் சொல்லித்தரும் பயிற்சிக்கு எவ்வளவு தூரம் போனாலும் தகும். அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கிறது. மூன்று நாள், ஐந்து நாள் என்று குறுகிய வகுப்புகள் நடத்துகிறார்கள். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, அங்கே ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் நேரம் அதிகம் ஆகும். வியாசர்பாடி, மூலக்கடைக்காரர்களுக்கு இந்த மெட்ரோ வசதியும் கிடையாது. கிண்டியில் நடப்பதெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை தண்டையார்பேட்டையிலோ மணலியிலோ மாலை வகுப்பாக நடந்தால், வருகிறவர்கள் எண்ணிக்கையே வேறாக இருக்கும். வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில் கட்டடங்கள் வருகின்றன. கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் போல உட்கார்ந்து வேலை செய்ய இடங்களும் வருகின்றன. அந்த இடங்களில் இந்த வகுப்பு நடத்தச் சொல்லி வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள், பத்துப் பேர் கையெழுத்தோடு.

சான்றிதழுக்காகப் பயிற்சிக்குப் போகிறவர்களும் உண்டு. மானியத் திட்டங்களில் தொழில்முனைவோர் பயிற்சி ஒரு நிபந்தனை. அதற்கென்று தனியாக முன்பே காசு கட்டி எங்கும் சேர வேண்டாம், திட்டத்தின் வழியாகவே அனுப்புவார்கள்.

எப்போது இதுவே சரி: மாதக் கடைசியில் "நிறைய விற்றேனே, பணம் எங்கே?" என்று கேட்டுக்கொள்கிறவர் நீங்கள் என்றால்.

## யாரும் கேட்காத வழி: வாசலில் இருக்கும் பெரிய நிறுவனங்கள்

வட சென்னைக்கென்று தனியாக ஒரு பலம் இருக்கிறது. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, மணலியில் சென்னை பெட்ரோலியம், ராயபுரத்தை ஒட்டித் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம். இவற்றின் புகையையும் லாரியையும் தலைமுறையாகச் சுமக்கிறோம். இவை வாங்கும் பொருளில் நமக்கும் பங்கு உண்டு என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கைப்படி, அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு என்று 2018-இல் சேர்த்தார்கள். உத்யம் பதிவு இருந்தால் டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். உங்கள் விலை, குறைந்த விலையைவிட 15 சதவீதம் வரை கூடுதலாக இருந்தாலும், அந்தக் குறைந்த விலைக்கே தரச் சம்மதித்தால் ஒரு பங்கு உங்களுக்குக் கிடைக்கலாம்.

பெரிய நிறுவனம் வாங்குவது இரும்பும் மோட்டாரும் மட்டும் இல்லை. சீருடை, மெஷின் துடைக்கும் துணி, துணிப்பை, கூட்டங்களுக்குச் சாப்பாடு, அச்சு வேலையும் வாங்குகிறது. ஜெம் என்ற அரசு மின்சந்தையில் பதிந்துகொண்டு உங்கள் பொருளுக்கு என்ன அழைப்பு வருகிறது என்று மூன்று மாதம் பார்த்தாலே நிறையப் புரியும்.

சிரமங்களையும் சொல்ல வேண்டும். வாங்கி விற்கிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. உற்பத்தி அல்லது சேவையாக இருக்க வேண்டும். பணம் 45 நாளுக்குள் வர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது, தாமதித்தால் கூட்டு வட்டியும் கேட்கலாம். ஆனால் அந்த 45 நாளும் துணிக்கும் ஆளுக்கும் நீங்கள்தான் கைப்பணம் போட வேண்டும். அளவு, துணியின் தரம், தேதி எதிலும் தவறக் கூடாது. தனியாக ஒருவரால் இது கஷ்டம். முன்னால் சொன்ன ஆறேழு பேர் கூட்டு இருந்தால், அதில் ஒருவர் பெயரில் பதிந்து எல்லாரும் தைத்துக் கொடுக்க முடியும். ஆர்டர் கடிதம் கையில் இருக்கும்போது வங்கிக்குப் போய்க் கேட்கும் முத்ராவுக்கும், வெறும் ஆசையோடு போய்க் கேட்கும் முத்ராவுக்கும் மேலாளர் தரும் பதிலே வேறு.

## ஒரே பார்வையில்

| | கையிலிருந்து போவது | நேரம் | பலன் வர | தோற்றால் போவது |
|---|---|---|---|---|
| தண்டல் | மிக அதிக வட்டி | இல்லை | அன்றே | நிம்மதி, அடுத்த தண்டல் |
| முத்ரா | வட்டி மட்டும் | சில வாரங்கள் | பணம் வந்ததும் | கடன் வரலாறு |
| மானியக் கடன் | 5 சதவீதம், வாடகை, ஆவணச் செலவு | பல மாதங்கள் | மானியம் 3 வருடம் கழித்து | மானியமும் கடன் வரலாறும் |
| சுய உதவிக் குழு | சிறு சேமிப்பு | கூட்டங்கள் | 6 மாதத்துக்குப் பின் | அக்கம்பக்க உறவு |
| கட்டணச் சங்கம் | சந்தா, பயணம் | வாராவாரம் | ஒரு வருடம் பொறுக்க வேண்டும் | சந்தா |
| ஒரே தொழில் கூட்டு | ஏறக்குறைய இல்லை | குறைவு | முதல் கொள்முதலிலேயே | அதிகம் இல்லை |
| கணக்குப் பயிற்சி | பயணம், மூடிய நாள்கள் | சில நாள்கள் | உடனே | சில நாள் வருமானம் |
| அரசு கொள்முதல் | 45 நாள் கைப்பணம் | பொறுமை | மாதங்கள் | போட்ட சரக்கு |

## நீங்கள் எந்த இடத்தில்?

காசிமேட்டில் மீனோ, தெருவில் பூவோ விற்கிறவர்: பயிற்சி, சங்கம் எல்லாம் பிறகு. முதலில் மாநகராட்சி அடையாள அட்டை, அதை வைத்து ஸ்வநிதி, அதில் தண்டலை அடைப்பது. பக்கத்தில் நம்பிக்கையான குழு இருந்தால் சேருங்கள்.

பீஸ் ரேட்டில் தைக்கிறவர்: உங்களுக்குக் கடன் வேண்டாம், கூட்டு வேண்டும். உத்யம் பதிவு செய்துவிட்டு, ஆறு பேரைச் சேர்த்து, துணியை நீங்களே எடுத்துத் தைக்கும் ஒரு சிறு ஆர்டரில் தொடங்குங்கள். கூலிக்குத் தைப்பதும் சொந்தத் துணியில் தைத்து விற்பதும் எவ்வளவு வித்தியாசம் என்று அந்த ஒரு ஆர்டரிலேயே தெரியும்.

மசாலா, ஊறுகாய், டிபன் செய்கிறவர்: கணக்குப் பயிற்சிதான் முதலில். கூடவே உணவுப் பாதுகாப்புப் பதிவு; சிறு அளவில் செய்கிறவருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அது இல்லாமல் எந்தக் கடையும் உங்கள் பாட்டிலை அலமாரியில் வைக்காது. விலையைச் சரிசெய்த பிறகு முத்ரா சிசு போதுமா என்று பாருங்கள், பெரும்பாலும் போதும்.

வேலையை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கும் பட்டதாரி: நான் மேலே சொன்ன வரிசை உங்களுக்குப் பொருந்தாது. மானியத் திட்டங்கள் பெரும்பாலும் புதுத் தொழிலுக்குத்தான் என்பதால், சின்னதாகத் தொடங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் தகுதி போய்விடும். ஆரம்பத்திலேயே விண்ணப்பியுங்கள். காத்திருக்கும் மாதங்களில் குறுகிய பயிற்சியை முடித்துவிடுங்கள், வாங்கக்கூடிய பத்துப் பேரிடம் மாதிரியைக் காட்டி விலை கேட்டு வையுங்கள். மானியம் தேவைப்படும் அளவுக்குத் தொழில் பெரிதா என்பதை அவர்கள் சொல்லும் விலையை வைத்து முடிவு செய்யலாம்.

கணவர் பெயரில் பதிந்த கடையை உண்மையில் நடத்துகிறவர்: இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறவர்கள் நிறைய. வீட்டில் பேசுவது எளிதில்லை என்று தெரியும். கடையை மாற்றி எழுதச் சொல்லித் தொடங்க வேண்டாம். நீங்கள் தனியாகச் செய்யும் ஒரு பகுதியை, அது பிளவுஸ் தைப்பதாக இருக்கட்டும், மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பதாக இருக்கட்டும், உங்கள் பெயரில் உத்யம் பதிவு செய்து, அதற்கென்று ஒரு வங்கிக் கணக்கும் கியூஆர் கோடும் வையுங்கள். ஒரு வருட வரவு அந்தக் கணக்கில் தெரிந்தால், அடுத்த வருடம் எந்தத் திட்டத்துக்குப் போனாலும் காட்டுவதற்கு உங்கள் பெயரிலேயே காகிதம் இருக்கும்.